இந்தியா, பிரேசில், தென்னாபிரிக்கா: ஏழை நாடுகளின் குரலா, புதிய வல்லரசுகளா?

உலகப் பொருளாதார அமைப்புகளில் இந்த நாடுகள் யாருக்காகப் பேசுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மேசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்பேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எனக்குக் கிட்ட இருந்து பார்க்கக் கிடைத்தது இந்தியாவைத்தான்.

2003இல் இந்த மூன்று நாடுகளும் சேர்ந்து இப்சா கூட்டமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டு கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் பணக்கார நாடுகளின் விவசாய மானியங்களை எதிர்த்து நின்றன. நியாயமான எதிர்ப்பு. சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய மாற்றங்களுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது ஒன்று மறுத்தாலே போதும். இந்தியாவுக்கு 3 சதவீதம்கூட இல்லை.

ஆனால் அந்த நிதியத்தின் நிறைவேற்றுச் சபையில் இலங்கைக்குத் தனிக் கதிரை இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இந்தியா, வங்காளதேசம், பூட்டானோடு ஒரே தொகுதியில் இருக்கிறோம். அதில் பெரிய பங்கு இந்தியாவுடையது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே கானோடு வரிசையில் நின்ற நாட்கள் அவை. இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. தீவக மீனவர்களுக்கு மண்ணெண்ணெயும் வந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. 2023 ஜனவரியில் இந்தியா வளர்ந்துவரும் நாடுகளுக்கான 'உலகத் தெற்கின் குரல்' மாநாட்டைக் கூட்டியது. அதே மாதம் எங்கள் கடன் மறுசீரமைப்புக்கு, அதாவது கட்ட முடியாத கடனைத் தளர்த்தித் தருவதற்கு, ஒத்துழைப்போம் என்று முதல் ஆளாக உத்தரவாதமும் கொடுத்தது. அப்புறம் சில மாதங்களில் பிரான்ஸ், ஜப்பானோடு சேர்ந்து எங்களுக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இணைத்தலைமை ஏற்றது. நிதியத்தில் எங்களோடு ஒரே தொகுதி, இந்த மேசையில் எதிர்ப்பக்கம்! பிரேசிலும் 2016இலேயே கடன் கொடுக்கும் நாடுகளின் அமைப்பான பாரிஸ் கழகத்தில் சேர்ந்து கடன் கொடுப்பவர் பக்கம் போய்விட்டது.

இந்தியாவின் இன்னொரு முகத்தை யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தில் பார்த்தோம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் உதவியோடு ஒரு சீன நிறுவனத்துக்குப் போன வேலை அது. 2021இல் இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் நின்றது. 2022இல் இந்தியாவே நன்கொடையாகச் செய்து தர ஒப்பந்தம் போட்டது. கடன் நன்கொடையானது நல்லதுதான். ஆனால் அங்கே பேசியது தன் கரையோரத்தில் சீனா வந்துவிடுமோ என்று யோசித்த அயல்வீட்டு வல்லரசு. குறிகட்டுவான் இறங்குதுறையில் தீவுகளுக்குப் போகப் படகுக்கு நிற்கும் சனத்துக்கு எந்த நாடு தந்தாலும் மின்சாரம் மின்சாரம்தான்.