சர்ஃபிங்குக்கும் கைட்சர்ஃபிங்குக்கும் ஒரே போர்டு போதுமா?

கேள்வி: என் எடை 75 கிலோ. சில வருடங்களாக சர்ஃபிங் செய்கிறேன், 6 அடி ஷார்ட்போர்டு, கன அளவு 33 லிட்டர். இரு முனையும் ஒரே மாதிரி இருக்கிற ட்வின்டிப் போர்டில், பெரிய பட்டம் போன்ற கைட் இழுக்க ஓட்டுகிற கைட்சர்ஃபிங்கும் கற்றுக்கொண்டேன். இனி அலையிலேயே, காலை மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ராப் இல்லாமல் கைட் ஓட்ட ஆசை. இரண்டுக்கும் ஒரே போர்டு வாங்கலாமா? இருக்கிற சர்ஃப்போர்டே போதுமா?

பதில்: ஒரே போர்டு வாங்கலாம். ஆனால் அளவை சர்ஃபிங்கை வைத்தும், உறுதியை கைட்டை வைத்தும் முடிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். கைட்டுக்கென்று செய்த 5 அடி 4 அங்குலம், 22 லிட்டர் போர்டைப் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, காற்றில்லாத நாளில் அதன்மேல் படுத்துக் கையால் துழாவினால் போர்டு பாதி மூழ்கிக் கிடக்கிறது, அலை இவர்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. கைட்டில் உங்களை இழுப்பதும் கைட்தான், உடல் எடையில் ஒரு பகுதியைத் தூக்கிப் பிடிப்பதும் கைட்தான், அதனால் அங்கே குறைந்த லிட்டர் போதும். சர்ஃபிங்கில் உங்கள் கைகளை விட்டால் வேறு துணை கிடையாது. நாலைந்து லிட்டர் கூடிப்போனால் கைட்டில் சிரமம்தான், காற்று பலக்கும்போது போர்டு துள்ளும், போர்டின் பக்கவாட்டு ஓரமான ரெயிலைத் தண்ணீரில் அழுத்திப் பிடிக்கக் கால் கடுக்கும், ஆனாலும் ஓட்டிவிடலாம். நாலைந்து லிட்டர் குறைந்துபோனால் சர்ஃபிங்கே நடக்காது. உங்களுக்கு 29 முதல் 31 லிட்டருக்குள், 5 அடி 9 அங்குலத்தை ஒட்டித் தேடுங்கள்.

அடுத்து உறுதி. கையிலிருக்கும் போர்டைக் கைட்டில் நாசமாக்கிவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வழக்கமான சர்ஃப்போர்டு, பாலியூரித்தேன் நுரையின்மேல் மெல்லிய ஃபைபர்கிளாஸ் போர்த்தியது. சர்ஃபிங்கில் ஒரு அலையில் சில விநாடிகள்தான் நிற்கிறோம், காலும் அங்கே இங்கே நகர்ந்துகொண்டிருக்கும். கைட்டில் ஒரே இடத்தில் நிமிடக்கணக்காக நின்று, கைட் இழுக்கிற இழுப்புக்கு எதிராகக் குதிகாலை ஊன்றுகிறோம். கொஞ்ச நாளில் குதிகால் பட்ட இடமெல்லாம் குழி விழும், அப்புறம் மேல்தோல் நுரையை விட்டு உரியும். குதித்து இறங்கினால் இரண்டு காலுக்கும் நடுவில் குறுக்கே மடிந்து உடைந்துவிடும். காற்று லேசாக இருக்கிற நாளில், குதிக்காமல், ஸ்ட்ராப் இல்லாமல் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் அதை எடுத்துப்போங்கள். கைட்டுக்கான சர்ஃப்போர்டுகளில் கூடுதல் கிளாஸ் அடுக்கோ, மூங்கில் தகடோ, பிவிசி நுரைத் தகடோ வைத்துச் செய்கிறார்கள். எடை கொஞ்சம் ஏறும், சர்ஃபிங்கில் கொஞ்சம் விறைப்பாகவும் தெரியும். அந்த விறைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், நீடித்து உழைக்கும்.

ராக்கர், அதாவது மூக்கிலிருந்து வால்வரை போர்டு வளைந்திருக்கும் விதம், இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு விளையாட்டுக்கும் அவ்வளவாகச் சண்டை இல்லை. நடுப்பகுதி தட்டையாக இருந்தால் துழாவும்போது சீக்கிரம் வேகம் பிடிக்கும், கைட்டில் காற்றை எதிர்த்து ஏறவும் உதவும். மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், இல்லையென்றால் காற்று கிளப்பிவிட்ட சிற்றலையில் குத்திக்கொள்ளும். போர்டின் அடியில் மீன்துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின் மூன்றே போதும். 1981இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் போட்டிகளில் ஜெயித்துக் காட்டிய அந்த த்ரஸ்டர் அமைப்புக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. கைட் வேகத்தில் பெரிய ஃபின் விறைப்பாகத் தெரிந்தால் ஒரு அளவு சிறியதை மாட்டிப் பாருங்கள். எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்ற இரண்டு ஃபின் பிராண்டுகளின் அடிப்பகுதியும் வேறு வேறு, ஒன்றின் ஃபின் மற்றதன் ஃபின் மாட்டும் பெட்டியில் பொருந்தாது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்ஃபிங்கில் எப்போதும் போர்டைக் காலோடு இணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டுகிறேன். அதே போர்டில் கைட் ஓட்டும்போதும் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள். கைட்டிலிருந்து விழும்போது கைட் உங்களை ஒரு பக்கம் இழுக்கும், போர்டு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும். லீஷ் ரப்பர் மாதிரி நீண்டு, பட்டென்று சுருங்க, போர்டு ஃபின்னோடு உங்கள் தலையை நோக்கி வரும். ஹெல்மெட் இருந்தாலும் முகம் திறந்துதானே இருக்கிறது? அதற்குப் பதிலாக, போர்டு இல்லாமல் உடம்பை மட்டும் தண்ணீரில் இழுக்கவிட்டு, காற்றை எதிர்த்துக் குறுக்கும் மறுக்குமாகப் போய் போர்டை எடுக்கப் பழகுங்கள். அது கைவரும்வரை ஸ்ட்ராப் இல்லாத போர்டோடு ஆழத்துக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையை நிமிர்த்தி அழகாக்கும், சர்ஃபிங்குக்கு அருமை. அதே காற்றில் கைட்டைத் தூக்கினீர்கள் என்றால், ஏதாவது ஆகும்போது உங்களைக் கரைக்குக் கொண்டுவர எதுவுமே இருக்காது. போர்டு ஒன்றுதான் என்பதற்காக நாளும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய போர்டு வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெயிலில் சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கம் குறுக்கே மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வேண்டாம், அது ஏற்கெனவே ஒருமுறை மடிந்த போர்டு. குதிகால் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், தோல் உள்ளே போய் மீண்டும் எழும்பினால் நுரையை விட்டு உரிந்திருக்கிறது. மேலோட்டமான குழிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஃபின் பெட்டியைச் சுற்றி வெடிப்பு இருந்தால் கவனிக்காமல் விடக்கூடாது, தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

சின்ன ஓட்டையை நீங்களே அடைக்கலாம், ஆனால் உள்ளே என்ன நுரை என்று தெரிந்துகொண்டு அடையுங்கள். இபிஎஸ் என்ற தெர்மோகோல் வகை நுரை என்றால் எபாக்ஸி ரெசின் மட்டும்தான். பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால் அதிலிருக்கும் ஸ்டைரீன் நுரையைக் கண்ணெதிரே கரைத்துவிடும், நகம் அளவு ஓட்டை உள்ளங்கை அளவாகும். பாலியூரித்தேன் நுரைக்கு இரண்டுமே ஒத்துவரும். எந்த நுரை என்று சந்தேகமாக இருந்தால் எபாக்ஸியையே எடுங்கள்.