பிகாமா, பிபிஏவா? கணக்குப் பதிவியலுக்குப் பயந்தவர்களுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: ஈரோடு பக்கம் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 600க்கு 478 வாங்கியிருக்கிறாள். தமிழ் 84, ஆங்கிலம் 71, வணிகவியல் 90, பொருளியல் 86, கணினிப் பயன்பாடு 79, கணக்குப் பதிவியல் 68. பிகாம் வேண்டவே வேண்டாம், பிபிஏதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் மைத்துனர், ‘பிபிஏவுக்கு மதிப்பே இல்லை, காசைக் கரியாக்காதீர்கள்’ என்கிறார். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் ஏவியேஷன் மேனேஜ்மென்ட் பிபிஏவுக்கு வருடம் 1.6 லட்சம் கேட்கிறார்கள். பக்கத்திலேயே அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றிலும் சாதாரண பிபிஏ இருக்கிறது. எதில் சேர்ப்பது? முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பதில்: மதிப்பெண்களைப் பாடவாரியாக எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வணிகவியலில் 90 எடுத்த பெண் கணக்குப் பதிவியலில் 68. பிகாம் ‘வேண்டவே வேண்டாம்’ என்பதற்கான காரணம் அந்த 68இல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள். ‘பிகாம்ல முழுக்க அக்கவுன்ட்ஸ்பா’ என்று பதில் வந்தால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அதுதான். ஏனென்றால் பிபிஏவிலும் கணக்கு விடாது.

பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள். அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததோ, அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தளத்திலேயே இருக்கும். பெரும்பாலும் முதல் வருடத்திலேயே நிதிநிலைக் கணக்கியல் வந்துவிடும். அடுத்து அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், அப்புறம் நிதி மேலாண்மை. இடையில் வணிகப் புள்ளியியல். பல இடங்களில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் (இருக்கிற ஆள், பணம், நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று கணித முறையில் பார்ப்பது) உண்டு. மனிதவள மேலாண்மை, சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தையியல், வணிகச் சட்டம் போன்றவற்றைப் படித்து எழுதிவிடலாம். பிபிஏ பிள்ளைகள் அரியர் வைப்பது பெரும்பாலும் அந்தக் கணக்குத் தாள்களிலும் புள்ளியியலிலும்தான்.

பிகாமுக்கும் பிபிஏவுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கு இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. பிகாம் மாணவர் பதிவேட்டை எழுதவும், தணிக்கை செய்யவும், வரி போடவும் ஆழமாகக் கற்கிறார். பிபிஏ மாணவர், வேறொருவர் எழுதிவைத்த கணக்கைப் படித்து முடிவெடுக்கக் கற்கிறார். அதாவது, கற்க வேண்டும். அந்த இரண்டாவது வேலையைச் சரியாகச் சொல்லித்தராத கல்லூரிகள் நிறைய இருப்பதால்தான் உங்கள் மைத்துனர் போன்றவர்கள் அப்படிப் பேசுகிறார்கள். அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன்.

உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். எண்கள் என் கற்பனை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை, ஒரு பையனுக்குச் சம்பளம், கரன்ட் பில், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 45,000 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்றால் சரக்கு விலை போகக் கையில் 15 ரூபாய் நிற்கிறது. அப்படியானால் மாதம் 3 லட்சத்துக்கு விற்றால்தான் கடை கையைக் கடிக்காது. அதற்கு மேல் விற்பதில்தான் லாபம். இதைத்தான் சமநிலைப் புள்ளி என்று அடக்கவிலைக் கணக்கியலில் படிப்பார்கள். அந்த மாதம் பெயின்டுக்கு 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் என்ன ஆகும், இன்னும் எத்தனை டின் விற்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

இன்னும் ஒரு படி போவோம். வீடு கட்டும் மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் 45 நாள் கடன் சொல்கிறார்கள். உங்களுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி 30 நாளில் பணம் கேட்கிறார். விற்பனை முழுக்கக் கடன் என்று வைத்துக்கொண்டால், அதே மாதம் 3 லட்சத்தை ஒரு நாளைக்கு 10,000 வீதம் பார்த்தால், 45 நாளுக்கு வெளியே நிற்பது 4.5 லட்சம். நீங்கள் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது, அந்த 10,000இல் சரக்கு விலையான 8,500 வீதம் 30 நாளுக்கு 2.55 லட்சம். நடுவில் 1.95 லட்சம் ரூபாய் உங்கள் பணமாக ஊரில் கிடக்கிறது. கடையில் அடுக்கியிருக்கும் சரக்கு இதில் சேராது. ‘வியாபாரம் நல்லாத்தான் போகுது, கையில காசுதான் இல்ல’ என்று கடைக்காரர்கள் சொல்வதன் கணக்கு இது. பாடத்தில் இதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். இந்த இரண்டு பத்தியையும் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள். சுவாரசியமாக இருக்கிறது என்றால் தாராளமாக பிபிஏவில் சேர்க்கலாம், 68 ஒரு தடையே இல்லை. பள்ளியில் கணக்குப் பதிவியல் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம், பேரேட்டில் எழுதுவது எதற்கென்று யாரும் சொல்லாததுதான். படித்துவிட்டு முகம் சுளித்தால், பிபிஏ மட்டுமல்ல, வணிகம் சார்ந்த எந்தப் படிப்பையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

இப்போது அந்த 1.6 லட்சம். மூன்று வருடத்துக்கு 4.8 லட்சம். பேருந்து, சீருடை, ‘பயிற்சிக் கட்டணம்’ என்று சேர்ந்தால் 5 லட்சத்தைத் தாண்டும். 5 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்கி, 10.5 சதவீத வட்டியில் 7 வருடத்தில் கட்டுவதாக வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,400 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. பிபிஏவை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணின் முதல் சம்பளத்தில் அது பெரிய துண்டு.

ஏவியேஷன் என்ற சொல்லுக்காக அந்தத் தொகையைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். விமான நிலையத்தில் பயணிகளைக் கவனிக்கும் தரைப் பணிகளுக்குப் பெரும்பாலும் பிளஸ் டூவோ ஏதாவது ஒரு பட்டமோ போதும். அங்கே பார்ப்பது ஆங்கிலம், இந்தி, பேசும் விதம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு இயற்பியலும் கணிதமும் உள்ள பிஎஸ்சியோ பொறியியலோ கேட்கிறார்கள். அதற்கு இந்தப் பட்டம் உதவாது. ஆக, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. விளம்பரத்தில் மட்டும் ஒரு விமானம் பறக்கும். மருத்துவமனை மேலாண்மை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஒட்டு வைத்த பிபிஏக்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். பட்டத்தின் பெயர் வித்தியாசமாக இருந்தால், குறிப்பிட்ட பட்டம் கேட்கும் அரசு வேலைகளில் இணைத்தன்மை உண்டா, அதாவது அவர்கள் கேட்ட பட்டத்துக்கு இது சமமா என்று அலைய வேண்டியும் வரும்.

ஒட்டு வைத்ததில் ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள் என்பேன்: தொழிற்பழகுநர் பயிற்சியைப் படிப்போடு இணைத்த பிபிஏ. லாஜிஸ்டிக்ஸ், சில்லறை வணிகம் ஆகிய துறைகளில் சில கல்லூரிகள் நடத்துகின்றன. பாடக் காலத்திலேயே ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பார்க்க வேண்டும். கிடங்கில் சரக்கு எண்ணுவதைக் கேவலமாக நினைக்காத பிள்ளைக்கு இது நல்ல வழி. போன வருடம் எந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் இரண்டு ஆவணங்களைப் பார்க்கணும். ஒன்று பல்கலைக்கழக இணைப்பு. இன்னொன்று, 2024-25 முதல் பிபிஏ, பிஎம்எஸ், பிசிஏ படிப்புகளை ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தன் வரம்புக்குள் கொண்டுவந்திருப்பதால் அந்த அங்கீகாரம். வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை உள்ளூர் ‘சென்டரில்’ உட்கார்ந்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். பிபிஏ எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் பிகாம் உதவி பெறும் பிரிவில், பிபிஏ சுயநிதியில். அப்படி இருந்தாலும் கோவைக் கல்லூரி கேட்கும் தொகை ஆகாது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் இணையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். அங்கே தரவரிசைக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு 400க்கு 323. மோசமில்லை. அவள் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

எந்தப் பிரிவானாலும், சேரும் முன்பு துறைக்குள் போய் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கடைசி வருட மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் நாலைந்து. ‘இன்ன ஊரில் இன்ன பிராண்ட் மீது வாடிக்கையாளர் திருப்தி, ஓர் ஆய்வு’ என்றே எல்லாம் இருந்து, ஊரையும் பிராண்டையும் மட்டும் மாற்றியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். விடுதி நண்பர்களே நூறு படிவத்தை நிரப்பி, சதவீதம் போட்டு, பிரவுசிங் சென்டரில் ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தது அது. ஒரு ரிப்போர்ட்டாவது ஒரு மில்லின் இருப்புக் கணக்கையோ, ஒரு கடையின் கடன் வசூலையோ உண்மையான எண்களோடு பேசுகிறதா? அந்தத் துறையில் ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறார் என்று அர்த்தம். வேலைவாய்ப்புச் சதவீதம் என்று பேனரில் போடுவதைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

வேலை பற்றி. பிபிஏ ஒரு நல்ல இளங்கலைப் பட்டம், அவ்வளவுதான். வங்கித் தேர்வுகளுக்கும், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், அதில் பிபிஏவும் பிகாமும் ஒன்றுதான். தனியாரில் விற்பனை, வாடிக்கையாளர் சேவை, மனிதவளப் பிரிவில் உதவியாளர், கணக்கு சார்ந்த பிபிஓ வேலை என்றுதான் தொடக்கம் இருக்கும். ‘மேனேஜ்மென்ட் படித்தால் மேனேஜர்’ என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில் வணிகவியல் ஆசிரியராகவோ தணிக்கையாளராகவோ ஆக ஆசை என்றால் பிகாம்தான் நேர் வழி. பிபிஏ முடித்துவிட்டுச் சிஏ படிக்கவும் கதவு திறந்தே இருக்கிறது. வணிகவியல் பட்டதாரி என்றால் 55, மற்றவர்கள் என்றால் 60 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமல் இன்டர்மீடியட்டுக்கே பதியலாம். பிபிஏவில் படித்த தாள்களைப் பொறுத்து, உங்கள் மகளை 55 சதவீத வகையில் சேர்ப்பார்களா, 60 சதவீத வகையிலா என்பது மாறும்.

எம்பிஏ போக வேண்டும் என்பது பிபிஏ மாணவர்களில் பலருடைய திட்டம். எம்பிஏவுக்கு எந்தப் பட்டமும் போதும், டான்செட், கேட் என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுகள் இரண்டுக்குமே பிபிஏ கட்டாயம் இல்லை. அதனால் தனிச் சலுகையும் இல்லை. சொல்லப்போனால் எம்பிஏ முதல் வருடத்தில் பாதிப் பாடம் பிபிஏ மாணவிக்குப் பழைய பாடம். நடுவில் இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பாடங்களே புதிதாகத் தெரியும், நல்ல கல்லூரிகளின் நேர்காணலிலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

யாராவது ஐஐஎம் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனம்) பெயரைச் சொல்லிக் குழப்பக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை இந்தூர் ஐஐஎம் 2011இலும் ரோத்தக் ஐஐஎம் 2019இலும் தொடங்கின. அதற்கான ஐபிமேட் நுழைவுத் தேர்வில் கணிதம்தான் ராஜா. பிளஸ் ஒன்னிலிருந்தே தயாராகிறவர்களோடு போட்டி போட வேண்டும், கட்டணமும் அதிகம். டெல்லி பல்கலைக்கழகத்தில் பிபிஏ போன்ற பிஎம்எஸ் படிப்புக்கும், சியுஇடி என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் கணிதம் எழுத வேண்டும். உங்கள் மகள் எடுத்த பிரிவில் கணிதம் இல்லை, இந்த வருடம் அந்தப் பக்கம் மெனக்கெட வேண்டாம்.

ஆகவே என் யோசனை: அந்தப் புராஜெக்ட் சோதனையில் பக்கத்துக் கல்லூரி தேறினால் அங்கேயே பிபிஏ. தேறவில்லை என்றால் அதே கல்லூரியில் பிகாம், அல்லது அரசுக் கல்லூரியில் எது கிடைக்கிறதோ அது. 1.6 லட்சம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எக்செல், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஆங்கிலப் பேச்சு இந்த மூன்றுக்குச் செலவழியுங்கள். ஆங்கிலத்தில் 71 என்பதையும் கவனிக்காமல் விட வேண்டாம், கல்லூரியில் தாள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரலாம்.

கல்லூரி திறக்கும்வரை அவளைக் கடையில் உட்கார வையுங்கள். கல்லாவில் இல்லை, கடன் நோட்டில். யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்று மூன்று மாதக் கணக்கை எக்செலில் ஏற்றச் சொல்லுங்கள். 30 நாளைத் தாண்டியது ஒரு நிறம், 60 நாளைத் தாண்டியது இன்னொரு நிறம். எந்த மேஸ்திரிக்கு இனிமேல் கடன் கொடுக்கக் கூடாது என்று அவளே சொல்வாள். நீங்கள் கேட்பீர்களா என்பது வேறு விஷயம்.