கவிழ்ந்தால் எழ முடியவில்லை: குற்றம் கையிலா, தலையிலா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு வருடமாக ஏரியில் கயாக் ஓட்டுகிறேன். போன மாதம் முதன்முறையாக ஆற்றில் இறங்கினேன். மூன்று முறை கவிழ்ந்தேன், மூன்று முறையும் ரோல் (படகில் இருந்தபடியே புரண்டு நிமிர்வது) வரவில்லை, படகை விட்டு வெளியே வந்துவிட்டேன். கையில் பலம் போதவில்லையா, துடுப்பை மாற்ற வேண்டுமா? ஜூலையில் கோழிக்கோட்டுப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன்."

துடுப்புக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உங்கள் சிக்கல் அநேகமாகக் கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது.

தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும்போது மூச்சுக்காக முதலில் தலையைத் தூக்கத்தான் மனசு சொல்லும். அங்கேதான் கெடுகிறது. வலப்பக்கம் எழுகிறீர்கள் என்று வையுங்கள். படகை நிமிர்த்துவது கை அல்ல. வலது முழங்கால் படகின் உள்மேல் பக்கத்தை உந்த, இடுப்பு ஒரு வெட்டு வெட்ட வேண்டும். தலையைத் தூக்கினால் அது இடது தோள் பக்கம் சாயும், கூடவே இடது முழங்கால் இழுக்கும். பாதி நிமிர்ந்த படகு மறுபடி கவிழும். வலது காது வலது தோளோடு ஒட்டியிருக்கட்டும். படகு முதலில், உடம்பு அடுத்து, தலை கடைசியில்.

இதை ஆற்றில் கற்க முடியாது, நீச்சல்குளம் வேண்டும். குளத்து விளிம்பை இரு கைகளாலும் லேசாகப் பிடித்துக்கொண்டு, படகைச் சாய்த்து, இடுப்பால் மட்டும் நிமிர்த்துங்கள். விளிம்பை அழுத்தினால் ஏமாற்று வேலை. இது கைவந்த பிறகு துடுப்பு. முன்பக்கமாகக் குனிந்து, துடுப்பைப் படகோடு ஒட்டி வைத்து, நீர்ப்பரப்பில் அரைவட்டமாக வீசுங்கள். கண் துடுப்பின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை தானாகக் கீழே தங்கிவிடும். முழங்கை உடம்பை விட்டு விலகி மேலே போகக் கூடாது. தோள்மூட்டு நழுவுவது இந்த விளையாட்டில் நன்கு தெரிந்த காயம். நானும் முதல் வருடம் கைபலத்திலேயே எழுந்து, தோள்வலியோடு திரிந்தவன்தான்.

மூக்குக்கு ஒரு கிளிப் வாங்குங்கள். சிரிக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறுவதுதான் பாதிப் பதற்றத்துக்குக் காரணம். கிளிப் போட்டுக்கொண்டு தலைகீழாக ஐந்து வரை எண்ணிவிட்டு எழுந்து பழகுங்கள். இருக்கையில் இடுப்பு ஆடினால் இருபுறமும் நுரைப்பஞ்சு வைத்து இறுக்குங்கள். தொளதொளத்த படகுக்கு இடுப்பின் பேச்சு கேட்காது. ஸ்பிரே ஸ்கர்ட்டின் (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) இழுப்புப் பட்டி வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

கோழிக்கோடு விஷயத்துக்கு வருவோம். 2013-இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழா என்ற கயாக் போட்டி நடக்கும் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் மழையில் பொங்கும், குறுகலான, பாறை நிறைந்த ஆறுகள். ஆழம் குறைந்த இடத்தில் கவிழ்ந்தால் ஹெல்மெட் பாறையில் உரசும். படகை விட்டு வெளியே வந்தால் நீந்தி ஒதுங்கவும் இடம் குறைவு. இப்போதைக்குக் கரையில் நின்று பாருங்கள், நல்ல கயாக் ஓட்டிகள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அதுவே ஒரு பாடம்.

இறங்குவதற்கு மழைக்காலம் முடிந்து ரிஷிகேஷ் போங்கள், நவம்பர் நல்லது. சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கி.மீ. தூரத்தில் ரேப்பிட் (நீர் சீறிப் பாயும் பகுதி) முடிந்ததும் பெரும்பாலும் அமைதியான நீர் வரும். விழுந்தவரைப் பொறுக்கி எடுக்க அவகாசம் உண்டு. தண்ணீர் பனியாகக் குளிரும், வெட்சூட் கட்டாயம். குளத்தில் பத்துக்குப் பத்து வந்த ரோல் அந்தக் குளிரில் ஐந்தாகக் குறையலாம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.

ரோல் தவறி வெளியே வந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதந்து போங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்க முயல வேண்டாம், இடுப்பளவுதான் இருந்தாலும். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னாலிருந்து வரும் நீர் உங்களை முகம் குப்புற அழுத்திவிடும்.

குளத்தில் இரண்டு பக்கமும் ரோல் வந்ததும் எழுதுங்கள். எந்த ரேப்பிட்டில் தொடங்கலாம் என்று அப்போது பேசுவோம்.