வைரஸா, ஹார்டுவேர் கோளாறா? கேள்வி பதில்

கேள்வி: கணினி நடுவில் தானாக அணைந்துவிடுகிறது. ஆன்டிவைரஸ் எதையும் காட்டவில்லை. புது வைரஸாக இருக்குமோ?

பதில்: எந்த வேலையின்போது அணைகிறது என்று கவனியுங்கள். கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளில் மட்டும் என்றால் சூடுதான் முதல் சந்தேகம். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். சூடே இல்லாமல் அணைந்தால் பவர் சப்ளையைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ஹார்டு டிஸ்கில் டக் டக் என்று சத்தம். சில ஃபைல்கள் திறக்கவில்லை. முழு ஸ்கேன் ஓட்டட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முழு ஸ்கேன் டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். முக்கியமான ஃபைல்களை உடனே வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் பாருங்கள். 5, 197 எண் வரிசைகளில் (அங்கே 05, C5 என்று தெரியும்) ரா வேல்யூ (Raw Values) மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றிவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால் அடையாளமே வேறு: ஃபைல் பெயர்களின் பின்னால் புதிதாக ஏதோ ஒட்டியிருக்கும், பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடக்கும்.

கேள்வி: இரண்டில் எது என்று பிரித்தறிய ஒரே சோதனை உண்டா?

பதில்: உண்டு. வேறொரு நல்ல கணினியில் லைவ் லினக்ஸ் (கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து உங்கள் கணினியை பூட் செய்யுங்கள். விண்டோஸ் ஓடாததால் அதிலுள்ள வைரஸும் ஓடாது. அப்போதும் அதே தொல்லை என்றால் அநேகமாக ஹார்டுவேர்தான். தொல்லை இல்லை என்றால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸில் ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் மென்பொருள் காரணமாக இருக்கலாம். லைவ் லினக்ஸுக்கு ஹார்டு டிஸ்க் தேவையே இல்லை என்பதால் டிஸ்க் கோளாறும் இதில் தப்பிவிடும். அதைத் தனியாகச் சோதியுங்கள்.

கேள்வி: நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை.

பதில்: ரேமைப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராம் இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள்.

கேள்வி: தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன.

பதில்: மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், அதனால்தான் எச்சரிக்கை. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி.

கேள்வி: வைரஸால் ஹார்டுவேரையே கெடுக்க முடியுமா?

பதில்: மிக அபூர்வம். 1998-இல் வந்த சிஐஎச் வைரஸ் சில மதர்போர்டுகளின் பயாஸை (கணினியைத் துவக்கும் அடிப்படைப் புரோகிராமை) அழித்தது. பயாஸ் சிப்பை மாற்றவோ மறுபடி எழுதவோ வேண்டியிருந்தது. ஆனால் பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறுவது, ஆன்டிவைரஸ் திறக்க மறுப்பது, தெரியாத புரோகிராம்கள் முளைப்பது எல்லாம் எந்த ஹார்டுவேரும் செய்யாத வேலை. அங்கே தாராளமாக வைரஸைச் சந்தேகப்படுங்கள்.