நாலு நாளில் அயர்லாந்தின் மேற்குக் கடலோரம், அப்பா அம்மாவோடு

தம்பி, டப்ளினுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஜூனில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாலு நாள் லீவில் வைல்டு அட்லாண்டிக் வே என்ற மேற்குக் கடலோரச் சாலை முழுவதையும் காட்டிவிடலாமா, காரா பஸ்ஸா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பது உங்கள் கேள்வி.

முழுவதும் முடியாது. அந்தச் சாலை வடக்கே டொனகாலிலிருந்து தெற்கே கார்க் பக்கத்துக் கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டர். நாலு நாளில் ஓட்டி முடிக்கப் பார்த்தால், பெற்றோர் கடலைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கிளேர் கவுண்டியில் உள்ள டூலின். கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகள் அங்கிருந்து சாலை வழியே எட்டு கிலோமீட்டர் போல. ஆரன் தீவுகளுக்குப் படகு அங்கிருந்தே புறப்படுகிறது. முதுகுப்பக்கம் பரன் சுண்ணாம்புப் பாறை நிலம். மூன்று இரவும் ஒரே அறை, பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை ஒருமுறைதான்.

காருக்கு முதலில் உரிமத்தைப் பாருங்கள். நீங்கள் இங்கே குடியிருக்க வந்தவர். இந்திய உரிமத்தைக் கொடுத்து ஐரிஷ் உரிமம் மாற்றி வாங்க முடியாது. தியரி தேர்வு, லேர்னர் பெர்மிட், ஓட்டுநர் பாடங்கள், பிறகு ஓட்டுநர் தேர்வு என்று வரிசையாகப் போக வேண்டும். லேர்னர் பெர்மிட்டை வைத்து வாடகைக் கார் கிடைக்காது, மோட்டார்வேயில் ஏறவும் கூடாது. சுற்றுலாவுக்கு வரும் அப்பா இந்திய உரிமத்தில் ஓட்டலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். கிளேரின் உட்சாலைகள் பல, இருபுறமும் கல்சுவர் நெருக்க, ஒரு கார் போகும் அகலம்தான். நடுவில் புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கி ஓட்ட வேண்டும். ஊர் புதிது, வண்டி புதிது என்றிருப்பவருக்கு அது சுற்றுலாவாக இருக்காது.

ஆகவே ரயிலும் பஸ்ஸும். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வேக்கு ரயில் சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். கால்வேயில் ரயில் நிலையத்தை ஒட்டியே பஸ் நிலையம். அங்கிருந்து 350 எண் பஸ் கின்வாரா, பாலிவான், லிஸ்டூன்வார்னா வழியாக டூலின் வந்து, மோஹர் பாறைகளையும் தொட்டுக்கொண்டு என்னிஸ் வரை போகிறது. நம் ஊர் டவுன் பஸ் போல அடுத்தது பின்னாலேயே வராது, ஒன்றை விட்டால் சில மணி நேரம் உட்கார வேண்டியதுதான். நீங்கள் போகும் கிழமைக்கான நேர அட்டவணையைப் பார்த்து, அதற்குப் பொருத்தமாக ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதை மாற்றிச் செய்துதான் கால்வேயில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாட்களை அடுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படகை முதல் முழு நாளில், அதாவது போய்ச் சேர்ந்த மறுநாளில், வையுங்கள். அட்லாண்டிக் அலை ஏறினால் அன்று காலையில்கூட ரத்து செய்துவிடுவார்கள். இரண்டாம் நாளுக்கு என்று வைத்திருந்தால் மூன்றாம் நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்குத் தள்ளி வைத்தவர்களுக்குத் தீவு போனதுதான்.

ஆரன் தீவுகள் மூன்றில் உங்களுக்கு ஏற்றது இனிஷீர். டூலினுக்கு மிக அருகில் இருப்பதும், மூன்றில் சிறியதும் அதுதான். துறையில் இறங்கியதும் குதிரை வண்டிக்காரர்கள் நிற்பார்கள், நடக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு அதுவே சௌகரியம். ஏறுமுன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் பிளாசி என்ற சரக்குக் கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. 1960 மார்ச்சில் புயலில் பாறையில் மோதியது. கரையிலிருந்து கயிறு வீசி, கப்பலில் இருந்த 11 பேரையும் ஊர்க்காரர்களே உயிரோடு கரை சேர்த்தார்கள். அம்மாவுக்குக் குமட்டல் வரும் என்றால் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. உட்காருவதற்குப் படகின் பின்பகுதி நல்லது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் துறைப்படிகளில் இறங்கிப் படகில் கால் வைக்க வேண்டிவரலாம். முழங்கால் வலி இருந்தால் முதலிலேயே படகுக்காரரிடம் சொல்லுங்கள், கை கொடுப்பார்கள்.

மோஹர் பாறைகளின் உச்சி 214 மீட்டர். காலை 11க்கு முன்போ மாலை 4க்குப் பிறகோ போங்கள், நடுவில் டூர் பஸ்களின் கூட்டம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலையே சிறந்தது, மேற்கு வெயில் நேராகப் பாறை முகத்தில் விழும். மூடுபனி இறங்கினால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அறையை விட்டுக் கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள். ஜூலை நடுவரை பஃபின் பறவைகளும் இருக்கும், பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள்.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். விளிம்பில் பசும்புல் உறுதியாகத் தெரியும். ஆனால் கீழே பாறை அடுக்கடுக்காக உடைந்து விழுந்துகொண்டே இருப்பதால், சில இடங்களில் அந்தப் புல்லுக்கு அடியில் எதுவுமே இருக்காது. வேலிக் கற்பலகைக்கு அப்பால் செல்ஃபிக்காக ஓரடிகூட வேண்டாம். கடலோரத்தில் ஆபத்து என்றால் 112, கோஸ்ட் கார்டு என்று கேளுங்கள்.

குடை பயன்படாது, காற்று முதல் வீச்சிலேயே திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். சேலை அந்தக் காற்றில் நிற்காது, அம்மா இரண்டு நாள் சுடிதார் போட்டுக்கொள்ளட்டும். ரப்பர் செருப்பு ஈரச் சுண்ணாம்புப் பாறையில் வழுக்கும், அடி பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள தங்குமிடமாகத் தேடுங்கள். அரிசி, பருப்பு, தயிரைக் கால்வேயிலேயே வாங்கிவிடுங்கள், டூலினில் பெரிய கடை இல்லை. படகு நாளுக்குப் புளிசாதம் போதும். காலை உணவோடு அறை தரும் பி அண்ட் பியில் தங்கினால் அறை எடுக்கும்போதே சைவம் என்று எழுதுங்கள். காலைத் தட்டில் கறுப்பாக, வட்ட வில்லையாக ஒன்று வரும். அது பிளாக் புட்டிங், பன்றி ரத்தத்தில் செய்வது. காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கக்கூடும். வெஜிடேரியன் என்பதோடு நிறுத்தாமல் மீன், கோழிச்சாறு இரண்டும் வேண்டாம் என்று விரித்துச் சொல்லுங்கள். கிராமத்துச் சமையலறைகள் இரவு சீக்கிரம் மூடிவிடும், எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

கல்தூண்கள் நிறைந்த கடற்கரையான ஜயன்ட்ஸ் காஸ்வே பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் சோதனைச்சாவடி இல்லாததால் பலர் யோசிக்காமல் டப்ளின் டூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். உங்கள் ஐஆர்பி அட்டை (அயர்லாந்துக் குடியிருப்பு அனுமதி) அங்கே செல்லாது, தனியாக பிரிட்டிஷ் விசா வேண்டும். பெற்றோரின் விசாவில் பிஐவிஎஸ் (பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்று அச்சாகியிருந்தால் அவர்கள் போகலாம், நீங்கள் போக முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது அறை. ஜூன் முதல் திங்கள் பொது விடுமுறை, அதை ஒட்டிய வாரக்கடைசியில் டூலினில் இடம் கிடைப்பது கடினம். செவ்வாய் முதல் வெள்ளி வரை கேட்டுப் பாருங்கள். அறை உறுதியானதும் பஸ் அட்டவணை, ரயில் டிக்கெட், அதன் பிறகு படகு. படகுச் சீட்டு எடுக்கும்போது, அவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்புமா, அடுத்த நாளுக்கு மாற்றலாமா என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.