கோட்டை விடாமல் அறுக்க: ஸ்க்ரோல் ரம்பம் பற்றி வாசகர் கேள்விகள்

நூல்போன்ற பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஓட, அதன் முன்னே பலகையைத் திருப்பித் திருப்பிப் பூவும் கொடியும் முகமுமாக அறுத்தெடுக்கும் ஸ்க்ரோல் ரம்ப வேலை பற்றி வந்த கடிதங்களை, அறுப்பதில் தொடங்கிச் சட்டமிட்டு மாட்டுவது வரை வரிசைப்படுத்தி, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எந்திரம் வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. நேர்கோட்டைக்கூட என்னால் அறுக்க முடியவில்லை; பிளேடு எப்போதும் வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. என் கை பழகாததுதான் காரணமா?

பதில்: கையின் குற்றம் அன்று, அது பிளேடின் பிறவிக்குணம். பல பிளேடுகளில் பல் வெட்டும்போதே ஓர் ஓரத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத பிசிறு தங்கிவிடுகிறது. அந்த ஓரம் மற்றதைவிடக் கூடுதலாகக் கடிப்பதால் வெட்டும் அந்தப் பக்கமாகவே சாய்கிறது. இதைத் திருத்த முயல்வதைவிட இதற்கு இடம் கொடுத்து அறுப்பதே எளிது. ஒரு கழிவுப் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு அறுங்கள். பிளேடு கோட்டிலேயே நிலைத்து நிற்கும்வரை பலகையை இடமும் வலமுமாகச் சற்றே சாய்த்துப் பாருங்கள். நின்றதும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பலகை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பிளேடுக்கு அதுதான் "நேர்". வேறு வகைப் பிளேடை மாட்டினால் இந்தச் சாய்வும் மாறும்.

ஆனாலும் பழியை முழுவதும் பிசிறின்மேல் போடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். முதலாவது, பிளேடின் இறுக்கம். எந்திரம் ஓடாதபோது பிளேடைத் தந்தியைப்போல் விரலால் சுண்டினால் கணீரென்ற உச்ச ஒலி வர வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. தொளதொளவென்று இருக்கும் பிளேடு வளைவுகளில் வயிறு தள்ளிக்கொள்ளும். மேற்பக்கம் கோட்டில் இருக்க, அடிப்பக்கம் வேறெங்கோ போயிருக்கும். இரண்டாவது, மேசைக்கும் பிளேடுக்கும் இடையிலான செங்கோணம். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம் என்றாலும், நான் நம்புவது வேறொரு முறையை. தடித்த கட்டை ஒன்றின் ஓரத்தில் சிறிதளவு அறுத்துவிட்டு எந்திரத்தை நிறுத்துங்கள். கட்டையைப் பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டுபோய் அரைச்சுற்றுத் திருப்பி, அறுத்த பிளவைப் பிளேடின் முதுகில் செருகிப் பாருங்கள். பிளவு தடையின்றி நுழைந்தால் மேசை மட்டமாக இருக்கிறது; மேலேயோ கீழேயோ தட்டினால் மேசை சாய்ந்திருக்கிறது. இந்த முறையில் பிழை இரண்டு மடங்காகத் தெரிவதால் கண் ஏமாறுவதற்கு வழியில்லை.

கேள்வி: பிளேடுகளில் 2/0 முதல் 12 வரை எண்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: எண் கூடக் கூடப் பிளேடு அகலமும் தடிமனுமாகும். 6 மி.மீ. பலகைக்கு 3-ஆம் எண்ணும், 12 முதல் 18 மி.மீ. வரையுள்ள பலகைக்கு 5 அல்லது 7-ஆம் எண்ணும் பொதுவாகப் பொருந்தும். 2/0 போன்ற மெல்லியவை ஓரிரு மி.மீ. தகடுகளுக்கு உரியவை. அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் தலைகீழ்ப்பல் பிளேடு, பலகையின் அடிப்பக்கத்தில் சிலாம்பு கிளம்புவதைப் பெரிதும் குறைக்கும். சுற்றிலும் பல்லுள்ள முறுக்குப் பிளேடு எந்தத் திசையிலும் வெட்டும். ஆனால் அதன் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும் என்பதால், எந்திரத்தின் கையிடைக்குள் (பிளேடுக்கும் எந்திரத்தின் பின்தூணுக்கும் நடுவிலுள்ள வெளிக்குள்) திரும்பாத பெரிய பலகைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. இரு முனையிலும் ஊசி குத்திய பிளேடுகளை மாட்டுவது சுலபம்தான், ஆனால் அந்த ஊசி நுழையும் அளவுக்குத் துளை பெரிதாக வேண்டும். நுண்ணிய பூவேலைக்கு அது ஒத்துவராது.

பல எண்கள் கலந்த பொதியைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தலைகீழ்ப்பல் 5-ஆம் எண்ணில் ஒரு டஜன் வாங்கி, அந்த ஒன்றின் குணம் கைக்குப் பழகும்வரை அறுங்கள். பன்னிரண்டில் பாதி உடைந்துபோகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எந்திரம் இல்லாமல் இந்தக் கலையைத் தொடங்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஃபிரெட் ரம்பம் என்னும் ஆழமான வில்லுடைய கைரம்பமும், முன்விளிம்பில் ஆங்கில வி வடிவில் வெட்டுடைய ஒரு பலகையும் போதும். அந்தப் பலகையை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, வெட்டின் நடுவே பிளேடு ஓடும்படி, பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்க, கீழிழுக்கும்போது அறுக்க வேண்டும். பிரெஞ்சு அரசவைத் தச்சரான ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) தம்முடைய புகழ்பெற்ற அறைகலன்களுக்கு ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தறுத்த காலத்தில் மின்சாரம் ஏது? ஒன்றில் வெட்டிய வடிவம் மற்றதன் வெற்றிடத்தில் அப்படியே பொருந்திவிடும் என்பதே அந்த அடுக்கறுப்பின் சூட்சுமம். ஒரே பூவை நான்கு மெல்லிய பலகைகளில் ஒருசேர அறுக்க இன்றும் நாம் அதே முறையைத்தான் கையாளுகிறோம்.

கேள்வி: காகிதத்தில் உள்ள வரைபடத்தைப் பலகையில் ஒட்டினால், வேலை முடிந்தபின் உரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பதில்: பலகைமேல் முதலில் மாஸ்கிங் டேப்பைப் பரப்பி, அதன்மேல் காகிதத்தை ஒட்டுங்கள். முடிந்ததும் டேப்போடு சேர்ந்தே வந்துவிடும்.

கேள்வி: கொடிகள் பின்னிய ஒரு வடிவத்தை நான்கு நாள்கள் உட்கார்ந்து அறுத்தேன். கடைசித் துண்டில் நடுப்பகுதி முறிந்துவிட்டது. பிழை எங்கே?

பதில்: பிழை பெரும்பாலும் வரிசையில் இருக்கும். வெளிவிளிம்பை முதலில் அறுத்துவிட்டால் கையால் பிடிப்பதற்கு உறுதியான ஓரமே இல்லாமல் போகிறது. ஆகவே உட்துளைகள் எல்லாம் முடிந்தபின்பே வெளிக்கோடு. உட்துளைகளிலும் நடுவில் உள்ள சிறியவற்றை முதலில் எடுத்து, ஓரத்தை நோக்கி நகர்ந்து, பெரிய வெற்றிடங்களைக் கடைசிக்கு விட வேண்டும். பெரிய துண்டு விழும்வரை அதுவே அக்கம்பக்கத்து மெல்லிய கொடிகளுக்கு முட்டாக நிற்கும். முறிந்த துண்டைத் தேடி எடுத்து வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். பிளவு புதிதாக இருந்தால் ஒட்டிய இடம் பின்னர் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

துளையிடும் முறையையும் கவனியுங்கள். ஒவ்வொரு வெற்றிடத்திலும் கோட்டின்மேல் படாமல், ஒரு மூலைக்கு அருகே 1 அல்லது 1.5 மி.மீ. துளையிடுகிறோம்; அடியில் கழிவுப் பலகை வைத்தே துளைத்தாலும், கீழ்ப்பக்கத்தில் துளையைச் சுற்றி மெல்லிய பிசிறு எழும்பும். பலகையைக் கவிழ்த்து உள்ளங்கையால் தடவினால் அது புலப்படும். உப்புத்தாளால் அதைத் தேய்த்துவிடாமல் அறுக்க உட்கார்ந்தால், பலகை மேசையில் சமமாகப் படியாமல் ஒவ்வோர் அடிக்கும் துள்ளும். துள்ளும் பலகைதான் கொடியை முறிக்கிறது. கூரிய மூலை வந்தால் அங்கேயே பலகையை முறுக்காதீர்கள். ஒரு கோட்டில் மூலைவரை சென்று, வந்த வழியே பின்வாங்கி, மறுகோட்டின் வழியாக அதே மூலையை அடையுங்கள்.

கேள்வி: கடினமான மரங்களில் வெட்டின் சுவர் கருகிப்போகிறது.

பதில்: கருகலுக்கு மூன்று காரணங்கள் உண்டு: மழுங்கிய பிளேடு, மிகுந்த வேகம், ஓரிடத்தில் தயங்கி நிற்பது. பல எந்திரங்களில் பிளேடு ஏறி இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 1,800 முறை வரை மாற்றலாம். கடின மரத்துக்கு வேகத்தைக் குறையுங்கள், பிளேடைத் தாராளமாக மாற்றுங்கள். காகிதத்தின்மேல் ஒளிபுகும் பார்சல் டேப்பை ஒட்டி அறுத்தால் கருகல் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

ஒரு சிக்கன வழியும் உண்டு. பிளேடு ஏறி இறங்கும் தொலைவு ஏறத்தாழ 19 மி.மீ. மட்டுமே என்பதால், மெல்லிய பலகையை அறுக்கும்போது மேசைக்குச் சற்று மேலே உள்ள பற்கள்தான் தேய்கின்றன. மேசைமேல் 10 மி.மீ. தடிமனுள்ள பொய்ப்பலகை ஒன்றைப் பொருத்தினால், அதே பிளேடின் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும்.

கேள்வி: தொடக்கத்துக்குப் பிளைவுட் நல்லதா, மரப்பலகையா? தூசியால் தீங்கு உண்டா?

பதில்: மெல்லிய கொடிவேலைக்குப் பிளைவுட் நல்லது. அடுத்தடுத்த அடுக்குகளின் ரேகை குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் எந்தத் திசையிலும் எளிதில் பிளக்காது. மரப்பலகையில் ரேகைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய பாலங்கள் விரல் பட்டாலே ஒடியும். எனவே நீண்ட, மெல்லிய பகுதிகள் ரேகையோடு போகும்படி வரைபடத்தைத் திருப்பி ஒட்ட வேண்டும்.

தூசியைப் பற்றிக் கேட்டது நல்லது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எந்திரத்தோடு வரும் ஊதுகுழாய் கோட்டைக் காட்டுவதற்காகத் தூசியை அப்பால் தள்ளுமேயன்றி அதை அகற்றாது. சொல்லப்போனால் உங்கள் முகத்துக்கு நேரே கிளப்பிவிடும். பொழுதுபோக்குத்தானே என்று எண்ணாமல் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்தே உட்காருங்கள்.

கேள்வி: அறுத்தபின் இத்தனை துளைகளுக்குள் எப்படி மெருகேற்றுவது?

பதில்: அறுப்பதற்கு முன்பே பலகையின் முகப்பை 220 எண் உப்புத்தாளால் இழைத்துவிடுங்கள், அறுத்தபின் அடிப்பிசிறை மட்டும் மெதுவாக நீக்கினால் போதும். தூரிகையால் ஒவ்வொரு துளையாகப் பூசுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தட்டையான தட்டில் எண்ணெய் மெருகை ஊற்றி, வேலைப்பாட்டை முழுவதுமாக அதில் அமிழ்த்தி எடுத்து, வடியவிட்டுத் துடையுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். இத்தகைய மெருகுகள் பலவற்றில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதுதான்; அப்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீப்பொறி எதுவுமில்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். திறந்தவெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து முற்றிலும் காயவிடுங்கள். இல்லையேல் மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

கேள்வி: சட்டம் செய்யும்போது மூன்று மூலைகள் கச்சிதமாகச் சேர்கின்றன, நான்காவது மட்டும் வாயைப் பிளக்கிறது. மேலும் என் வேலைப்பாட்டின் ஓர இலைகள் சட்டத்துக்கு அடியில் மறைந்துவிட்டன.

பதில்: இரண்டாவது குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது சட்டத்தில் நேர்ந்தது அன்று, வரைபடத்தை ஒட்டிய நாளிலேயே நேர்ந்தது. சட்டத்தின் உட்புறக் காடி, பலகையைத் தாங்குவதற்காக அதன் ஓரத்தைச் சிறிது மறைத்தே தீரும். எந்தச் சட்டம், எவ்வளவு காடி என்று முடிவு செய்யாமல் அறுக்கத் தொடங்கக் கூடாது என்பதை நானும் ஒரு பறவையின் வாலை இழந்த பிறகே கற்றுக்கொண்டேன். பலகை 200 × 250 மி.மீ., சட்டத்தின் முக அகலம் 30 மி.மீ., காடி 8 மி.மீ., பலகை அசைவதற்கான இடம் மொத்தம் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 200-உடன் 2-ஐக் கூட்டி, காடி போக எஞ்சும் 22-ஐ இருமுறை சேர்த்தால் 246. அவ்வாறே 250-க்கு 296. இவை சட்டக் கட்டைகளின் வெளிநீளங்கள். பலகையின் நான்கு பக்கமும் சுமார் 7 மி.மீ. மறையும் என்பதால், வடிவத்தைச் சுற்றி 15 மி.மீ. வெற்று ஓரமாவது விட வேண்டும்.

இனி நான்காவது மூலை. அதற்கென்று தனிக் குற்றம் ஏதும் இல்லை. மற்ற மூன்றின் கணக்கும் அதன் தலையில் வந்து விழுகிறது. ஒரு சட்டத்துக்கு எட்டு கோணவெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரியிலிருந்து அரை டிகிரி ஒரே பக்கமாக விலகினால், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்தபின் கடைசியில் 4 டிகிரி நிற்கும், 30 மி.மீ. அகலச் சட்டத்தில் அது ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி. ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒவ்வோர் இணையையும் சேர்த்து உள்மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். எதிரெதிர்க் கட்டைகள் நீளத்தில் மயிரிழையும் வேறுபடக் கூடாது. கோணம் சரியாக இருந்தும் நீளம் பிசகினால் அதே வாய் மறுபடியும் திறக்கும். வெட்டுமுகத்தில் மரத்தின் நுண்குழல்கள் பசையை உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் மெல்லப் பூசிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, பிறகு மீண்டும் பூசி இறுக்குங்கள். இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று பசை காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: சட்டத்துக்குள் ஒட்டிய மரப்பலகை சில மாதங்களில் வெடித்துவிட்டது. பின்புறத்துக்கும் முகப்புக்கும் என்ன வைப்பது?

பதில்: மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. 250 மி.மீ. அகலப் பலகை ஓரிரு மி.மீ. அசைவது சாதாரணம். நான்கு பக்கமும் பசையிட்டு அதைக் கட்டிப்போட்டதால் நலிந்த இடத்தில் வெடித்திருக்கிறது. காடிக்குள் தளர்வாக வைத்து, பின்னால் சிறு தகட்டுப் பிடிகளால் மட்டும் நிறுத்துங்கள். பின்புறத்துக்கு வெளிர்நிற மரமானால் கறுப்பு ஃபெல்ட் துணியும், கருமரமானால் வெளிர்த் தாளும் வெட்டுகளை எடுத்துக்காட்டும். முகப்பில் கண்ணாடி கட்டாயமில்லை. பூவேலையின் அழகில் பாதி அதன் நிழலில் இருக்கிறது, கண்ணாடியின் பளபளப்பு அதை விழுங்கிவிடும். தூசிக்கு அஞ்சிக் கண்ணாடி போட்டே தீருவதென்றால், அது பலகையைத் தொடாதபடி இடையில் மெல்லிய குச்சிகளை வைத்து இடம் விடுங்கள். தொங்கவிடும் வளையங்களை, சட்டத்தின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் திருகுங்கள்.