மாணவர்களின் திறனை மொபைல் ஆப் வைத்து அளப்பது பயன் தருமா? எங்கள் பள்ளிக்கு ஒன்று வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன கேள்வி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு சின்ன தொடக்கப் பள்ளி டீச்சர். சேலத்திலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் வருகிறேன். 2022-ல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுப்பதும், மதிப்பீட்டைப் போனில் பதிவதும் பழகிவிட்டது. (டவர் கிடைக்காத நாளில் நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் அடிவாரம் வந்ததும் ஏற்றுவேன், அது வேறு கதை.)

நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கழித்தல் கணக்கு எல்லாமே தவறு என்று வந்தது. கழித்தலே தெரியாது போல என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் அவன் நோட்டைப் புரட்டினால் 52-17 = 45 என்று எழுதியிருக்கிறான், 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான், கடன் வாங்கத் தெரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினேன், இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான்.

இதே கணக்குக்கு 35, 45, 69 என்று விடை கொடுத்திருந்தால் 45-ஐத் தொட்டவனுக்குக் கடன் வாங்கத் தெரியாது, 69-ஐத் தொட்டவள் குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டாள் என்று ஆப்பே சொல்லியிருக்கும். 35, 8, 91 என்று வாய்க்கு வந்ததைப் போட்டு வைத்தால் ஒன்றும் தெரியாது. அதோடு ஒரு கேள்விக்கு நாலு விடை கொடுத்தால், கண்ணை மூடித் தொட்டாலும் நாலில் ஒரு தடவை சரியாகிவிடும். ஒரே மாதிரிக் கணக்கு மூன்று இருந்தால் மூன்றும் குருட்டாம்போக்கில் சரியாவது 64-ல் ஒரு தடவைதான்.

வாசிப்புக்கு மட்டும் எந்த ஆப்பையும் நம்பாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேளுங்கள். போனை நீட்டினாலே எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குரல் உள்ளே போய்விடுகிறது.

சரி, விற்க வருகிறவர் கலர் கலராக வரைபடம் காட்டுவார். "பிள்ளை தவறாக எந்த விடையைத் தொட்டது என்று எனக்குக் காட்டுமா?" என்று கேளுங்கள். சதவீதம் மட்டும்தான் வரும் என்றால் அந்தக் காசுக்கு நோட்டும் ஈர்க்குச்சியும் வாங்கிவிடுங்கள்.